பழைய டிரைவுகளுக்கு உதிரிகள் எங்கே?

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் தேதி, சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த லூனார் ஆர்பிட்டர் 1 என்னும் அமெரிக்க விண்கலம், சந்திரனுடைய விளிம்புக்கு அப்பால் பிறையாகத் தெரிந்த நம் பூமியை ஒரு படம் எடுத்தது. சந்திரனுக்கு அருகிலிருந்து பூமியைக் கண்ட முதல் படம் அதுவே. அதையடுத்து ஓராண்டுக்குள் மேலும் நான்கு கலங்கள் சென்று, மனிதன் இறங்குவதற்கு உகந்த இடம் எது என்று தேடி, சந்திரனுடைய பரப்பை ஏறக்குறைய முழுவதும் படம் பிடித்து அனுப்பின. கலத்துக்குள்ளேயே பிலிம் கழுவப்பெற்று, ஒளிப்புள்ளி ஒன்றினால் வரி வரியாக வருடப்பெற்று, வானொலி அலைகளாக வந்து சேர்ந்த அப்படங்கள், பூமியிலே இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களில் பதிவாயின. நாடாக்கள் ஏறக்குறைய 1500. அவற்றைப் படிக்கும் சக்தி படைத்த யந்திரமோ, ஆம்பெக்ஸ் கம்பெனியார் செய்த எஃப்.ஆர். 900 என்னும் டேப் டிரைவ் ஒன்றுதான்; குளிர்சாதனப் பெட்டி அளவுக்குப் பெரிதாய், பெரும்பாலும் அரசாங்க இலாகாக்களே வாங்கத்தக்கதாய் இருந்த அரிய சாதனம் அது.

காலம் சென்றது. அந்த நாடாக்களை வைத்துக்கொள்வதா, ஒழித்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, கலிபோர்னியாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் ஆவணங்களைக் காத்துவந்த நான்சி இவான்ஸ் என்னும் அம்மையார், ஒழிப்பதற்கு மனம் ஒப்பாமல், அவற்றைப் பத்திரப்படுத்தினார். பத்திரப்படுத்திய பிறகுதான் காரியத்தின் பாதியே முடிந்தது என்பதை அவர் உணர்ந்தார். நாடாவைப் படிக்கும் டிரைவ் இல்லாவிட்டால் நாடா இருந்தும் பயன் என்ன? பலவிடத்தும் விசாரித்து, உபயோகத்திலிருந்து நீக்கப்பட்ட எஃப்.ஆர். 900 டிரைவுகள் நான்கைத் தேடிப் பெற்றார். அவற்றைப் பழுது பார்ப்பதற்குப் பணம் தருவோர் எவரும் இல்லாமற்போகவே, தம் வீட்டுக் கொட்டகையிலேயே அந்தப் பெரிய யந்திரங்களை ஏறக்குறைய இருபது ஆண்டு காலம் வைத்துக் காத்தார். 2007ஆம் ஆண்டில் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்னும் இருவர் அவரைத் தேடிவந்த பின்னரே டிரைவுகளுக்கு விமோசனம் பிறந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்து எல்லைக்குள், மூடிக்கிடந்த ஒரு மெக்டானல்ட்ஸ் உணவு விடுதியில் அவற்றை நிறுத்தி, ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தியும், தேய்ந்த காந்தத் தலைகளைப் புதுப்பிக்கச் செய்தும், இல்லாத மின் பகுதிகளைப் புதிதாக அமைத்தும், கடைசியில் ஒரு டிரைவை ஓடவைத்தார்கள். 2008 நவம்பரில் அந்தப் பூமியின் படம், நாற்பதாண்டுகளுக்கு முன் உலகம் பார்த்ததைக் காட்டிலும் தெளிவாக மீண்டும் வெளிவந்தது. ஏனெனில் பிலிமில் அச்சிட்ட பிரதியில் அடிபட்டுப்போன நுட்பமான ஒளிநிழல் பேதங்களெல்லாம் நாடாவில் அப்படியே இருந்தன.

இந்த வரலாற்றைப் படிக்கும்தோறும் எனக்கு மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் உண்டாகிறது. மகா சக்தி வாய்ந்த ஒரு தேசத்தின் விலைமதிப்பற்ற ஆவணம், ஒரு தனிப்பட்ட பெண்மணியின் கொட்டகையையும் அவருடைய பிடிவாதத்தையும் நம்பி இருபதாண்டு பிழைத்திருந்தது என்றால், அப்படிப்பட்ட கொட்டகையும் பிடிவாதமும் வாய்க்காத மற்ற ஆவணங்களின் கதி என்ன ஆயிற்று? பழைய டிரைவுகளையும் அவற்றுக்குரிய உதிரிப் பாகங்களையும் காப்பது, பழம்பொருளில் ஆசையுள்ள சிலருடைய பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். அது நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அரசாங்கமும் ஏற்கவேண்டிய பொதுக் கடமை என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

புத்தகத்தைப் படிப்பதற்குக் கண் போதும். கிராமபோன் தட்டுக்குக்கூட, அவசரத்துக்கு ஓர் ஊசியும் ஒரு காகிதக் குழலும் இருந்தால் ஏதோ ஒரு குரலைக் கேட்டுவிடலாம். காந்தத் தகட்டில் எழுதியது அப்படியன்று. அதில் எழுதப்பட்டிருப்பது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. எந்த வகை டிரைவ் எழுதியதோ அந்த வகை டிரைவ்தான் அதை நமக்குச் சொல்லவேண்டும். ஐ.பி.எம். கம்பெனியார் 1971இல் கொண்டுவந்த எட்டு அங்குல ஃபிளாப்பி, ஷூகார்ட் கம்பெனியார் 1976இல் வெளியிட்ட ஐந்தேகால் அங்குலம், சோனி கம்பெனியார் 1981இல் அறிமுகம் செய்த மூன்றரை அங்குலம், இவற்றுக்கு நடுவே தோன்றி மறைந்த மூன்று அங்குலம் என்று ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு வகை டிரைவ் உண்டு. அளவு ஒன்றாயிருந்தாலும் எழுதும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இன்று கடையில் கிடைக்கும், யு.எஸ்.பி.யில் சொருகும் ஃபிளாப்பி டிரைவை வாங்கிவந்து, தம்முடைய பழைய மேக்கின்டாஷ் ஃபிளாப்பியை அதில் இட்டுப் பார்த்து, தகடு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும். கெட்டது தகடு அன்று. பழைய 800 கிலோபைட் மேக்கின்டாஷ் ஃபிளாப்பியின் எழுத்துமுறையே வேறு, யு.எஸ்.பி. டிரைவுக்கு அது தெரியாது.

இந்த டிரைவுகளின் நுட்பம் சாமானியமானதன்று. சாதாரண ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி நிமிஷத்துக்கு 300 முறை சுழல்கிறது. அந்த வேகம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது அக்காலத்து யந்திரங்களுக்குப் பொதுவான வரம்பு. தகட்டின்மேல் வட்ட வட்டமாகத் தடங்கள் அமைந்திருக்கின்றன. ஆரம்பத்தில் அங்குலத்துக்கு 48 தடங்கள், பிறகு 96, மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் 135. கடைசிக் கணக்கின்படி ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காந்தத் தலை ஒரு தலைமயிரின் கனத்துக்கு விலகி நின்றாலே படிப்பதில் தடுமாற்றம் உண்டாகிவிடும். அந்த விலகலைச் சரிசெய்வதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட அலைன்மென்ட் டிஸ்க் என்பது ஒன்று உண்டு. அதை டிரைவில் இட்டு, ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் பூனையின் இரு கண்களைப்போல இரண்டு வடிவங்கள் தோன்றும். இரண்டும் ஒரே அளவாகும் வரையில் தலையை இம்மி இம்மியாக நகர்த்தவேண்டும். சாதாரண டிரைவினால் அந்த டிஸ்க்கை எழுத முடியாது. டைசன் போன்ற கம்பெனிகள் விசேஷ யந்திரத்தில் எழுதி விற்றவை அவை. இன்று டிரைவைப் போலவே அதுவும் அருகிவிட்டது. ஆகவே உதிரி என்று நான் சொல்லும்போது திருகாணியையும் பல்சக்கரத்தையும் மட்டும் சொல்லவில்லை, பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் முதலில் பிராணனை விடுவது ரப்பர். டேப் ரிக்கார்டர் வைத்திருந்த குடும்பங்களில் இதை விளக்கவேண்டியதே இல்லை. பாட்டு இழுக்க ஆரம்பித்தால் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று சிறு பிள்ளைகளும் சொல்லுவார்கள். பழைய ஐந்தேகால் அங்குல டிரைவுகள் பலவற்றிலும் மோட்டாருக்கும் சுழலும் அச்சுக்கும் நடுவே அப்படி ஒரு பெல்ட் உண்டு. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு ஆம்ஸ்ட்ராட் கம்பெனியார், பிரிண்டரோடு சேர்த்து, வரி நீங்கலாக 399 பவுனுக்கு விற்ற பி.சி.டபிள்யூ. 8256 என்னும் கம்ப்யூட்டர், டைப்ரைட்டரை நம்பியிருந்த எழுத்தாளர்கள் பலருக்கும் முதல் எழுதுகருவியாக வாய்த்தது. நாவல்களும் கடிதங்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அதன் மூன்று அங்குலத் தகடுகளில் குவிந்தன. பக்கத்துக்கு 180 கிலோபைட் பிடிக்கும் அந்தத் தகடு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதால் இன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் டிரைவைத் திறந்து பார்த்தாலோ, பெல்ட் இருந்த இடத்தில் தொய்ந்து நீண்ட ஒரு வளையமோ, சில சமயம் தார்போல் உருகி ஒட்டிய கறுப்புப் பசையோதான் இருக்கும். ஓர் எழுத்தாளருடைய பத்தாண்டு உழைப்பு, ஒரு காப்பியின் விலைகூடப் பெறாத ரப்பர் வளையத்தின் அந்தப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆம்ஸ்ட்ராட் மட்டும் இப்படி அன்று. ஹியூலட் பாக்கர்ட் கம்பெனியார் 1980இல் செய்த எச்.பி. 85 கம்ப்யூட்டரின் டேப் டிரைவில் நாடாப் பெட்டியைத் தொட்டு ஓட்டும் ரப்பர் உருளை, காற்றிலுள்ள ஈரத்தை நெடுங்காலம் உண்டு, பிசினாக மாறிவிடுகிறது. அறியாமல் நாடாப் பெட்டியை உள்ளே செலுத்தினால் அந்தப் பிசின் எங்கும் ஈஷிக்கொள்கிறது. குவான்டம் கம்பெனியின் பழைய ஹார்டு டிஸ்க்குகள் சிலவற்றில், காந்தத் தலையைத் தாங்கிய கரம் எல்லை மீறாதபடி வைத்த சிறிய ரப்பர் தடுப்பு உருகி, கரத்தையே பிடித்துக்கொண்டுவிடுகிறது. மோட்டார் சுழலும், தகடும் சுழலும், தலைமட்டும் அசையாது. எண்ணெயும் கிரீஸும்கூட இப்படித்தான். மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் ஃபிளாப்பி டிரைவில் கிரீஸ் மெழுகாக இறுகி, தகட்டை வெளியே தள்ளும் குட்டி மோட்டார் அந்த இறுக்கத்தை வெல்ல முயன்று, தன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை உடைத்துக்கொள்ளும்.

இத்தகைய பழுதுகளில் மனிதனுடைய சாமர்த்தியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. உருகிப்போன பெல்ட்டின் நீளத்தை எப்படி அறிவது? சக்கரங்களைத் துடைத்துவிட்டு, அவற்றைச் சுற்றி ஒரு நூலை இழுத்து அளந்து, பெல்ட் இழுபட்டு நிற்கவேண்டியதற்காக அந்த அளவில் சிறிது குறைத்துக்கொள்கிறார்கள். குறைப்பது அதிகமானால் மோட்டார் திணறும்; போதாவிட்டால் வேகம் நிலைக்காது. போட்டு முடித்ததும் வேகம் சரியா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பழைய டிரைவுகள் பலவற்றின் சுழல்சக்கரத்து அடியில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் அச்சிட்டிருக்கும். 50 சைக்கிள் மின்சாரம் உள்ள நாடுகளுக்கு ஒரு வரிசை, 60 சைக்கிள் நாடுகளுக்கு ஒரு வரிசை. பழைய குழல் விளக்கின் வெளிச்சத்தில் டிரைவை ஓடவிட்டு, அந்தக் கோடுகளைப் பார்த்தபடி திருகைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில், சக்கரம் முழுவேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, கோடுகள்மட்டும் அசையாமல் நின்றுவிடும். அதுதான் நிமிஷத்துக்கு 300. இவ்வளவு எளிமையாகவும் அழகாகவும் ஒரு சோதனையை யந்திரத்தின் உடம்பிலேயே எழுதிவைத்த பொறியாளர்கள், அதை வேறொருவன் பின்னொரு காலத்தில் திறந்து செப்பனிடுவான் என்று எதிர்பார்த்தே செய்தார்கள். அந்த எதிர்பார்ப்பு இன்றைய சாதனங்களில் அறவே இல்லாமற்போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பெல்ட்டையும் பல்சக்கரத்தையும் இன்று சிறு வியாபாரிகள் செய்து விற்கிறார்கள். கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும் கெபாசிட்டர்களுக்கு மாற்று எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். துக்கமெல்லாம் இவற்றுக்கு அப்பால்தான் இருக்கிறது. காந்தத் தலையை வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்துவிட முடியாது. ஒரு கம்பெனி தன் டிரைவுக்கென்றே வார்த்த சிப் எரிந்துபோனால், அதை வார்த்த தொழிற்சாலையே இன்று இராது. அப்போது மிஞ்சும் வழி ஒன்றே: அதே வகையில் இன்னொரு டிரைவைத் தேடி, அதை உடைத்து எடுப்பது. இரண்டு செத்ததைக் கொண்டு ஒன்றைப் பிழைக்க வைப்பது என்று சொல்லலாம். இதைத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; சந்திரனுடைய படங்களும் அப்படித்தானே பிழைத்தன. ஆயினும் ஒவ்வொரு முறையும் உலகத்திலுள்ள கையிருப்பு ஒன்று குறைகிறது. எந்த டிரைவிலிருந்து எந்த உறுப்பை என்றைக்கு எடுத்தார்கள், எடுத்தபோது அது என்ன நிலையில் இருந்தது, எஞ்சிய கூடு எங்கே இருக்கிறது என்ற கணக்கு, கோயில் நகைகளுக்குப் பதிவேடு வைப்பதுபோல, எழுத்தில் இருக்கவேண்டும். தனிப்பட்டவர்களிடம் இதை வற்புறுத்துவது நியாயமாகாது. பொது ஸ்தாபனம் ஒன்றினால்தான் அத்தகைய ஏட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்க முடியும்.

கைத்திறமும் ஓர் உதிரிதான், அதுவும் தீர்ந்துபோகக்கூடியது. கலிபோர்னியாவில் மவுன்டன் வியூ நகரிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில், ஐ.பி.எம். கம்பெனியார் 1959இல் அறிவித்த 1401 என்னும் கம்ப்யூட்டர்கள் இரண்டு, 729 வகை டேப் டிரைவுகளோடு, பார்வையாளர் முன்னிலையில் இன்றும் ஓடுகின்றன. ஒன்று ஜெர்மனியிலிருந்தும் மற்றொன்று கனெக்டிகட் மாநிலத்திலிருந்தும் வந்தவை. அவற்றை உயிர்ப்பித்தவர்கள், இளமையில் அதே யந்திரங்களைச் செய்தும் செப்பனிட்டும் பழகிய, ஓய்வு பெற்ற பொறியாளர்கள். சம்பளம் வாங்காமல், வாரந்தோறும் வந்து, ஆண்டுக் கணக்கில் பிரயாசைப்பட்டார்கள். சர்வீஸ் புத்தகத்தில் எழுதாத பல விஷயங்கள் அவர்கள் விரல் நுனியில் இருந்தன. அந்த விரல்களோடு கூடவே இளைஞர்களின் விரல்களும் பழகியிராவிட்டால், நாளை உதிரி முழுவதும் கையிலிருந்தும் பொருத்துவார் இல்லாத நிலை வரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சாகப் பிரதி எடுத்துக்கொண்டு பழைய டிரைவுகளை விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் ஒரு பகுதி முழு நியாயமானது. கிரையோஃப்ளக்ஸ், கிரீஸ்வீசல் முதலிய சிறு கருவிகள், தகட்டிலுள்ள காந்த மாறுதல்களை அப்படியே எண்களாகப் பதிவு செய்துகொள்கின்றன. எந்தக் கம்பெனியின் எழுத்துமுறையாயினும் பிறகு சாவகாசமாக ஆராய்ந்து கொள்ளலாம். 1985ஆம் ஆண்டு அமிகா கம்ப்யூட்டரில் ஓவியர் ஆன்டி வாரோல் வரைந்து, பிட்ஸ்பர்க் நகரத்து மியூசியத்தில் ஃபிளாப்பிகளில் உறங்கிய சித்திரங்கள், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் சங்கத்தாரின் முயற்சியால் 2014இல் வெளிச்சத்துக்கு வந்ததும் இத்தகைய பிரதியெடுப்பினால்தான். ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் டிரைவுக்குப் பின்னால் இணைக்கப்படுபவை. தகட்டைத் தொட்டு வாசிப்பது அந்தப் பழைய டிரைவேதான். அது இல்லாவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை. இனி, ஃபிளாப்பிக்குப் பதிலாக யு.எஸ்.பி. பென் டிரைவைச் சொருகிக்கொள்ளும் கோடெக் போன்ற மாற்றுப் பெட்டிகள் உண்டு. அவற்றை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். அன்றாட ஓட்டத்துக்கு அவற்றை வைத்துக்கொண்டால், உண்மையான டிரைவைத் தேயாமல் காத்து, பிரதியெடுக்கும் காரியத்துக்கென்றே ஒதுக்கிவைக்கலாம். அவை கம்ப்யூட்டருக்குச் சகாயம் செய்யுமே தவிர, தகட்டில் கிடப்பதைச் சொல்லா. மேலும், பிரதியெடுக்கவேண்டிய தகடுகள் எல்லாம் இன்று ஓர் இடத்தில் குவிந்திருக்கவில்லை. அவை இறந்தவர்களுடைய பெட்டிகளிலும், மூடிய அச்சகங்களின் பரண்களிலும், கல்லூரி அலமாரிகளின் அடித்தட்டிலும் இருக்கின்றன. இன்னும் முப்பதாண்டு கழித்தும் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டே இருக்கும். வரும்போது டிரைவ் இருக்கவேண்டும்.

பெரிய ஸ்தாபனங்கள்கூட இந்தத் தகடுகளிலிருந்து அண்மையில்தான் விடுபடத் தொடங்கின. அமெரிக்க அணு ஆயுதப் படையின் செய்திப் போக்குவரத்தில் எட்டு அங்குல ஃபிளாப்பி 2019 வரையில் உபயோகத்தில் இருந்தது. ஃபிளாப்பி முதலியவற்றில் மனுக்களைத் தரவேண்டும் என்று கட்டளையிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட விதிகளை ஜப்பான் அரசாங்கம் 2024இல்தான் நீக்கி முடித்தது. சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சுரங்க ரயிலை நடத்தும் முறை, 1998இல் அமைந்த நாள்முதல், காலைதோறும் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியிலிருந்து படிக்கப்பெற்று இயங்கியது. அதை மாற்ற 2024 அக்டோபரில் 212 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். இத்தகைய இடங்களில் நெடுங்காலமாகச் சேமித்துவைத்த டிரைவுகளும் தலைகளும் அலைன்மென்ட் டிஸ்க்குகளும் சர்வீஸ் புத்தகங்களும் இருக்கின்றன. பழைய முறையைக் கைவிடும் அந்த நாளில், அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல், கேட்கும் காப்பகங்களுக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதினால் என்ன செலவு?

கம்பெனிகளிடமும் நாம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவில் 2021 முதல் துணி துவைக்கும் யந்திரத்துக்குப் பத்தாண்டு வரை உதிரிப் பாகம் கிடைக்கச் செய்யவேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது; நம் நாட்டிலும் 2022இல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. இவை நல்லவையே. ஆயினும் ஒரு நினைவுச் சாதனத்துக்குப் பத்தாண்டு என்பது ஒரு கணக்கா? சோனி கம்பெனியார் மூன்றரை அங்குல ஃபிளாப்பி விற்பதை 2011இல் நிறுத்தினார்கள். ஃபிளாப்பிகளோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டு வாழும். ஐம்பதாண்டு கழித்தும் பெல்ட்டை விற்றுக்கொண்டிரு என்று ஒரு கம்பெனியை வற்புறுத்த முடியாது, வற்புறுத்தவும் கூடாது. உற்பத்தியை நிறுத்துகிற அன்று, அந்த டிரைவின் வரைபடங்களையும், உறுப்புகளின் அளவுகளையும், எந்த ரப்பர், எந்தப் பிளாஸ்டிக் என்ற விவரத்தையும், சர்வீஸ் புத்தகத்தையும் ஒரு தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று மட்டும் கேட்கலாம். அச்சிடும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி நூலகத்துக்குத் தரவேண்டும் என்ற சட்டம் நமக்குப் பழக்கமானதே. புத்தகத்துக்கு விதித்ததை, புத்தகம் எழுதும் யந்திரத்துக்கும் விதிப்பதில் அநியாயம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வியாபாரம் முடிந்துபோன டிரைவின் வரைபடத்தில் இரகசியம் என்ன இருக்கிறது?

நம்முடைய ஊர்களில் இதற்கு அவசரமும் கூடுதல். கடலோர நகரங்களின் ஈரக்காற்றில் ஃபிளாப்பியின்மேல் பூஞ்சை பூக்கிறது. துடைக்காமல் அதை டிரைவில் இட்டால், தகடு கீறுவதோடு, கிடைத்தற்கரிய காந்தத் தலையும் கெடுகிறது. தொண்ணூறுகளில் தமிழ்ப் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கத் தொடங்கிய காலத்துப் பக்கங்கள் ஃபிளாப்பிகளில்தான் அச்சகத்துக்குச் சென்றன. அப்போது ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. டாம், டாப் என்ற பொது முறைகளைத் தமிழ்நாடு அரசு அறிவித்ததே 1999இல்தான். ஆகவே அந்தத் தகட்டில் இருக்கும் தமிழைப் படிக்க, முதலில் டிரைவ் வேண்டும், பிறகு அக்காலத்து எழுத்துரு வேண்டும். எழுத்துருவும் பல சமயம் அதே போன்ற ஒரு ஃபிளாப்பியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் ஈரம் புகாத ஓர் அலமாரியும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மனிதரும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போகுமுன், நான்கு திருகாணிகளைக் கழற்றி டிரைவை எடுத்து, அந்த அலமாரிக்கு அனுப்பலாம். அனுப்பும்போது கூட இருந்த ஃபிளாப்பிகளைப் பிரிக்காமல் சேர்த்தே அனுப்பவேண்டும். ஏனென்றால், தலை சற்றே விலகிய டிரைவ் எழுதிய தகட்டை, விலகல் இல்லாத டிரைவ் படிக்கமாட்டாமல், அதே டிரைவ் படித்துவிடுவது உண்டு. டிரைவின்மேல் ஒரு சீட்டை ஒட்டி, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு வரையில் ஓடியது, கடைசியாக ஓட்டியபோது என்ன சத்தம் கேட்டது என்று பென்சிலால் எழுதிவைக்கவேண்டும். பெல்ட் உள்ள டிரைவானால் பெல்ட்டை இப்போதே கழற்றி, அது இன்னும் வளையமாக இருக்கும்போதே நீளத்தை அளந்து, அதே சீட்டில் குறித்துவிடவேண்டும்.